சால்மன் முட்டைகளும் நான் எழுதிக் கொடுத்த நற்சான்றும்

1977 பிப்ரவரியில் நான் ராஸ் அல் கைமா மலைப்பக்கம் போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல, விஷம் கண்டுபிடிக்க. அப்போது பஹ்ரைனில், குதைபியாவில் குடும்பத்தோடு இருந்தேன். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் கெமிஸ்ட் வேலை. அந்த மலையடிவாரத் தோட்டத்தில் ஒரு பணக்காரர், குளிர்நாட்டிலிருந்து சால்மன் மீன் முட்டைகளை ஐஸ் பெட்டியில் வரவழைத்து, குளிரூட்டிய கிணற்றுத் தண்ணீரில் பொரிக்க வைத்துக்கொண்டிருந்தார். (பணம் இருந்தால் ஒட்டகத்துக்கும் ஸ்வெட்டர் போடுவார்கள்.)

இரண்டு பெட்டி முட்டைகள், நாள் கணக்காக நன்றாக இருந்துவிட்டு, பொரிக்கும் தறுவாயில் செத்துப்போயின. தண்ணீரை எங்கள் கூடத்துக்கு அனுப்பினார்கள். ‘நல்ல தண்ணீர்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்தான். தண்ணீர் நல்லதென்றால் ஆள் கெட்டவன் என்று அங்கிருந்த பம்பாய்க்கார மேனேஜர் முடிவுகட்டிவிட்டார். ஆள் என்பது தொட்டியைப் பார்த்துக்கொண்ட சேகு, ராமநாதபுரம் கடற்கரைக்காரர். இப்போது தொட்டியிலிருக்கும் மூன்றாவது பெட்டியும் செத்தால் அவர் மேல் போலீசில் புகார் என்று சொல்லித்தான் என்னை வரச்சொன்னார்கள். நானும் சேகுதான் குற்றவாளி என்ற நினைப்போடு கிளம்பினேன். என் பரிசோதனை தப்பாகுமா என்ன?

பஹ்ரைனிலிருந்து துபாய்க்குக் காலை 7.40 விமானம். துபாய் தேராவிலிருந்து ஷேர் டாக்சி, தலைக்குப் பதினைந்து திர்ஹம், ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். பட்டாணியரான டிரைவருக்கு என் கண்ணாடி பாட்டில் பெட்டி மேல் சந்தேகம். சாராயம் என்று நினைத்து வழியில் வண்டியை நிறுத்தி, ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்த பிறகுதான் “யல்லா”, போகலாம் என்றார். ராஸ் அல் கைமாவிலிருந்து தோட்டத்துப் பிக்கப்பில் இருபத்திரண்டு கிலோமீட்டர், ஜல்லிப் பாதை, ஐம்பது நிமிடம்.

சேகுவுக்கு நாற்பது வயதிருக்கும். அவருடைய சோப்பு, பினாயில், அத்தர் பாட்டில் எதையும் நான் சோதிக்காமல் விடவில்லை. அவரும் என்னை விடவில்லை. நான் மருந்துச் சீசாவைத் திறந்தபோதெல்லாம் பக்கத்தில் வந்து நின்றார். நீங்கள் எதையாவது கலந்துவிட்டு என் தலையில் கட்டினால் நான் எங்கே போவேன் என்று முகத்துக்கு நேராகவே கேட்டார். எனக்குக் கோபம் வந்தது.

மறுநாள் காலை, எங்கள் கூடத்துக்கு அனுப்பப் பிடித்த மாதிரியே ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்துக் கொடுக்கச் சொன்னேன். அவர் குவளையால் மொண்டு, உயரத்திலிருந்து மடமடவென்று ஊற்றி நிரப்பினார். அப்படி ஊற்றினால் காற்று கலந்துவிடும். நானே ஒரு பாட்டிலைத் தொட்டிக்குள் அமுக்கி, குமிழி வராமல் ரப்பர் குழாயால் நிரப்பினேன். அவர் கொடுத்ததில் ஆக்சிஜன் லிட்டருக்கு ஒன்பது மில்லிகிராம். என்னுடையதில், அதாவது தொட்டியில் உண்மையாக இருந்தது, மூன்று.

பஹ்ரைனுக்கு வந்த பாட்டில்கள் பாதி காலியாக, வழியெல்லாம் குலுங்கி வந்தவை. அவற்றில் ஆக்சிஜன் பார்ப்பதே தப்பு. கல்லூரியில் முதல் வாரம் சொல்லிக்கொடுத்த பாடம் அது. நான் பார்த்தேன், ‘நன்று’ என்று எழுதினேன்.

ஆற்றில் தண்ணீர் பாறையில் மோதிக் காற்றைச் சேர்த்துக்கொண்டு, கூழாங்கல் இடுக்கிலிருக்கும் முட்டைகளுக்குக் கொண்டுபோகிறது. ஆழ்கிணற்றுத் தண்ணீரில் அது குறைவு. குளிரூட்டினால் மட்டும் கூடிவிடாது. பொரிக்கப்போகும் சமயத்தில்தான் உள்ளிருக்கும் குஞ்சுக்கு மூச்சு அதிகம் வேண்டும். குழாய்த் தண்ணீரை உயரத்திலிருந்து விழவிட்டிருந்தால் போதும். ஆனால் இங்கே குழாயின் வாய் தொட்டியின் அடியில் மூழ்கி, கம்பியால் கட்டப்பட்டிருந்தது.

யார் கட்டியது என்று கேட்டேன்.

“நான்தான் சார். மேலேருந்து விழுந்தா தெறிச்சுத் தரையெல்லாம் ஓடுது. எங்க ஊருல ஒரு கொடம் நல்ல தண்ணிக்குப் பொம்பளையாளுக ரெண்டு மைல் நடக்கிறாக. சிந்துறதப் பாத்துக்கிட்டு எப்புடி சும்மா இருக்கிறது?”

கம்பியை அவிழ்த்து, இடுப்புயரத்தில் ஓட்டை போட்ட தகரத்தை வைத்து, தண்ணீரை அதன் வழியே கொட்டவிட்டோம். தரை நனைந்தபோது சேகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான்காம் நாள் முட்டைகள் பொரிந்தன. ஆரஞ்சுப் பை தொங்க, கண்ணும் வாலுமாகக் குஞ்சுகள் நெளிந்தன. சேகு வாய்விட்டு அழுதார்.

இப்படி மீன் பண்ணை பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை: முதலில் குழாயின் வாயைப் பாருங்கள். பரிசோதனைப் பாட்டிலை அங்கேயே, தண்ணீருக்குள்ளேயே நிரப்பி மூடுங்கள். பிப்ரவரியில் காலை எட்டு மணிக்குள் போனால் வெயில் படுத்தாது.

கிளம்பும் நாளில் மேனேஜர் ரிப்போர்ட் கேட்டார். “வேலையாள் கவனக்குறைவு” என்று மட்டும் எழுதினால் போதும், கலாஸ், விஷயம் முடிந்தது, உங்கள் பெயர் எதற்குக் கெட வேண்டும் என்றார். ஆசையாகத்தான் இருந்தது. ஆனாலும் குழாயைப் பற்றி ஒரு பத்தியும் என் பழைய பரிசோதனையின் தப்பைப் பற்றி ஒரு பத்தியும் எழுதி, கையெழுத்துப் போட்டேன். அவர் முகம் சுளித்தார். போலீஸ் பேச்சை அதோடு விட்டுவிட்டார்.

சேகு அந்த இங்கிலீஷ் ரிப்போர்ட்டைத் தமிழில் படிக்கச் சொன்னார். படித்தேன். என் தப்பைப் பற்றிய பத்தியை இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.

“அப்ப ரெண்டு மாசமா என்னைக் கொலைகாரன் மாதிரி பாத்தாகளே, அது நீங்க எழுதுன அந்தக் காயிதத்தாலயா?”

ஆமாம் என்றேன்.

அவர் ரிப்போர்ட்டின் கார்பன் நகலை என் கையிலிருந்து வாங்கி, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“மேனேஜரும் மாத்திப்புடுவாரு, நீங்களும் மாத்திப்புடுவீக. இது எங்கிட்டயே இருக்கட்டும் சார்.”