அஞ்சாம் பக்கத்தைத் தேடிய ஊர்

அந்தப் பத்திரிகை அலுவலகத்தில் அவருக்குப் பெயர் கத்தரிக்கோலார். நிருபர்கள் வைத்த பெயர். பக்கம் அமைப்பவர் அவர்தான். யார் எவ்வளவு நீட்டி முழக்கி எழுதிக் கொடுத்தாலும், இருக்கிற இடத்துக்குத் தக்கபடி நறுக்கித்தான் வைப்பார். அமைச்சர் பேச்சாகட்டும், அடுத்த தெருச் சண்டையாகட்டும், முதல் பக்கத்தில் நாலே வரி. அதுவும் ருசியான இடம் வந்ததும் டக்கென்று நிறுத்தி, "தொடர்ச்சி 5ஆம் பக்கம்" என்று போட்டுவிடுவார். விளம்பரங்கள் எல்லாம் அந்த அஞ்சாம் பக்கத்தில்தான் இருக்கும். வாசகன் அங்கே போனால்தானே மெத்தைக்கடையும் கண்ணாடிக்கடையும் அவன் கண்ணில் படும்? பத்திரிகைக்குச் சோறு போடுவதே அந்தப் பக்கம்தான் என்பது அவர் கட்சி.

ஊரையே பக்கம் புரட்ட வைத்த மனிதர், சொந்த வீட்டில் மட்டும் தோற்றார். அவர் மனைவி அந்தப் பத்திரிகையை ஒரு நாளும் படித்ததில்லை. அலமாரித் தட்டில் விரிப்பாள், ஜன்னல் கண்ணாடி துடைப்பாள். "உங்க பேப்பர் நல்ல பேப்பர்ங்க, மை ஒட்டறதே இல்ல" என்று பாராட்டு வேறு. இப்படி ஒரு பாராட்டைக் கேட்டால் எந்த மனுஷனுக்குச் சோறு இறங்கும்?

இதற்கிடையில் ஊர் செல்போனில் படிக்கத் தொடங்கிவிட்டது. விளம்பரம் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். தன் அப்பாவுக்குப் பிறகு பத்திரிகையை நடத்திவந்த முதலாளியம்மா அவரைக் கூப்பிட்டார்.

"அண்ணே, அச்சு இனிமே ஞாயித்துக்கிழமை மட்டும்தான். மத்த நாளெல்லாம் இணையதளம். நீங்களே அமைச்சுப் பாருங்க. சரியா வரலைன்னா எல்லாத்தையும் வெளிக் கம்பெனிக்குக் குடுத்துடுவேன். அப்புறம் பக்கம் போட இங்க ஆளே தேவைப்படாது."

இந்த வயதில் போய் எந்தக் கதவைத் தட்டுவது?

கம்ப்யூட்டர் பிரிவுப் பெண் பொறுமைசாலி. "சார், இங்க இடப் பஞ்சமே இல்ல. எவ்வளவு நீளமா வேணும்னாலும் போடலாம், விரலால தள்ளிக்கிட்டே படிப்பாங்க" என்று படித்துப் படித்துச் சொன்னாள். எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னாள். பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் செய்திகளை ஒன்றின் கீழ் ஒன்றாக வைக்கச் சொன்னாள். எல்லாவற்றுக்கும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினார். ஆனால் தொட்டில் பழக்கம் சும்மா விடுமா?

தளம் திறந்த அன்று முதல் செய்தி ஒரு கழுதையைப் பற்றியது. அது வங்கியின் இரண்டாவது மாடிக்குப் படியேறிப் போய், மேலாளர் அறை வாசலில் நின்றுகொண்டது. ஊழியர்கள் தள்ளினார்கள், இழுத்தார்கள், கெஞ்சியும் பார்த்தார்கள். அது அசையவில்லை. கடைசியில் காவலாளி ஒரு காரியம் செய்தார். தொடர்ச்சி 5ஆம் பக்கம்.

தளத்தில் அஞ்சாம் பக்கமே கிடையாது. இருந்தது ஒரே பக்கம். மிச்சச் செய்தியை வழக்கம்போல ஒதுக்கி வைத்துவிட்டு, மனிதர் நிம்மதியாகக் காபி குடிக்கப் போய்விட்டார். திறப்பு விழா அவசரத்தில் அந்தப் பெண்ணும் கவனிக்கவில்லை.

திரும்பி வந்தால் தொலைபேசி ஓயாமல் அடிக்கிறது.

"ஹலோ, அஞ்சாம் பக்கம் எங்கங்க?"

"எங்க தேய்ச்சாலும் வரலையே."

"ஏங்க, அந்தக் காவலாளி என்னதான் செஞ்சாரு?"

ஒருவர் தன் செல்போன்தான் பழுது என்று நினைத்து, கடைக்காரரோடு சண்டை போட்டுவிட்டு வந்து கூப்பிட்டார். நிருபர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எத்தனை வருஷத்துக் கடுப்பு, சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

முதலாளியம்மா சிரிக்கவில்லை. "இதுக்குத்தான் அண்ணே பயந்தேன்" என்றார், அவ்வளவுதான். கத்தரிக்கோலார் மேசை இழுப்பறையைத் திறந்து, தன் பொருள்களை ஒரு பைக்குள் எடுத்து வைக்கத் தொடங்கினார்.

மறுபடி மணி அடித்தது. முதலாளியம்மாவே எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். பேசியது மெத்தைக்கடைக்காரர். கத்தரிக்கோலாரின் மனைவிக்குத் தம்பி. சொந்த மச்சான் என்றும் பாராமல் போன வருஷமே விளம்பரத்தை நிறுத்திய புண்ணியவான்.

"மேடம், காலையிலேர்ந்து கடைக்கு வர்றவங்க எல்லாம் செல்போன்ல அந்த அஞ்சாம் பக்கத்தைத்தான் தேடறாங்க. மெத்தையை ஒருத்தரும் பார்க்க மாட்டேங்கறாங்க. அந்தப் பக்கத்துல எனக்கு விளம்பரம் போட்டே ஆகணும். கண்ணாடிக்கடைக்காரன் கேட்டா குடுத்துடாதீங்க."

முதலாளியம்மா தொலைபேசியை வைத்துவிட்டு, கத்தரிக்கோலார் பக்கம் திரும்பி, "எடுத்ததையெல்லாம் திரும்ப உள்ள வைங்கண்ணே" என்றார். கம்ப்யூட்டர் பெண்ணைப் பார்த்து, "அந்த வரியைத் தொட்டா மிச்சக் கதை தனியாத் திறக்கணும், பக்கத்துலயே விளம்பரமும் வரணும். பேரு அஞ்சாம் பக்கம்னே இருக்கட்டும். பொறுப்பு இவருக்கு" என்றார்.

"நாளைக்குக் காலையில திறந்துடலாம் மேடம்" என்றாள் அவள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால், கதவைத் திறந்த மனைவியின் கையில் செல்போன். செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை.

"என்னங்க, அந்தக் காவலாளி என்னதான் செஞ்சாரு?"

அவருக்குச் சட்டென்று விளங்கவில்லை. "நீ படிச்சியா?"

"படிக்காம? இப்படிப் பாதியில விட்டுட்டுப் போனா ஒரு வேலை ஓடுதா எனக்கு?"

வேலை தப்பியதைவிட இது அவருக்குப் பெரிய சந்தோஷம். கண் கலங்கிவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, "தொடர்ச்சி அஞ்சாம் பக்கம். நாளைக்குக் காலையில வரும்" என்றார்.

"அப்ப சாப்பாடும் நாளைக்குக் காலையிலதான்."

இதற்கு மேல் எந்த ஆண்பிள்ளை தாக்குப்பிடிப்பான்? சொல்லிவிட்டார். "நம்ம பேப்பரை எடுத்துப் படிக்கு ஒரு தாளா போட்டுக்கிட்டே இறங்கியிருக்காரு. கழுதை ஒவ்வொண்ணா தின்னுக்கிட்டே கீழ வந்துடுச்சு."

அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நான்தான் அப்பவே சொன்னேனே, உங்க பேப்பர் நல்ல பேப்பர்னு" என்றாள்.

அன்றைக்கு அவருக்குச் சோறு நன்றாகவே இறங்கியது.