ஓடாத வண்டிக்கு ஒரு மனு

என் படிப்பு நான்காம் பாரத்தோடு, இப்போதைய ஒன்பதாம் வகுப்போடு, ஏன் நின்றது என்று யாராவது கேட்டால், நகரசபை வண்டிச் சட்டத்தால் நின்றது என்றுதான் பல வருஷம் சொல்லிவந்தேன். கேட்டவர்கள் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சிரிக்கிற விஷயமா அது?

எங்கள் வீடு பழையாற்றங்கரையில், வயல் முடிந்து தோப்பு தொடங்கும் இடத்தில் இருந்தது. பள்ளிக்கூடம் இரண்டு மைல் தள்ளி டவுனில். வயசுக்கு வந்த பெண் அத்தனை தூரம் தெருவில் நடந்துபோவது எங்கள் வெள்ளாளக் குடும்பங்களில் அன்று நினைத்துப் பார்க்க முடியாத காரியம். எங்களிடம் ஒரு வில்வண்டி இருந்ததால் நான் பிழைத்தேன். முன்னும் பின்னும் திரை கட்டி, உள்ளே நான் புத்தகத்தோடு உட்கார்ந்து போவேன். சொந்தக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. “பிள்ளையப் படிக்க வச்சுக் கச்சேரி உத்தியோகத்துக்கா அனுப்பப் போறிய?” என்று வீட்டுக்கே வந்து கேட்டார்கள். அப்பா எதற்கும் அசையவில்லை. அப்படித்தான் நான் நம்பியிருந்தேன்.

அந்த ஆவணியில் எங்கள் ஊரை நகரசபை எல்லைக்குள் சேர்த்தார்கள். அதுவரை வண்டிக்கு லைசென்ஸ் என்ற பேச்சே எங்களுக்குத் தெரியாது. ஐப்பசி மழையில் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பாலத்துப் பள்ளத்தில் சக்கரம் இறங்கி, அச்சு முறிந்தது. வண்டியை நாலு பேர் தள்ளிக்கொண்டுவந்து வீட்டு முற்றத்து அயனி மரத்தடியில், ஒரு பக்கம் கல்லை முட்டுக்கொடுத்து நிறுத்தினார்கள். ஆசாரி வந்து பார்த்துவிட்டு, கோட்டாற்றில் இரும்பு வாங்கிப் புது அச்சு போட இரண்டு வாரம் ஆகும் என்றார். இரண்டு வாரம்தானே என்று நானும் பொறுத்துக்கொண்டேன்.

அந்த வாரமே நகரசபைச் சேவகன் நோட்டீசோடு வந்தான். எல்லைக்குள் இருக்கும் வண்டி தெருவில் ஓடினாலும் சரி, வீட்டு வளவில் கிடந்தாலும் சரி, லைசென்ஸும் நம்பர் தகடும் வேண்டுமாம். இல்லாவிட்டால் வண்டி உபயோகமற்றது என்று எழுதிக் கொடுத்து விலக்கு வாங்க வேண்டுமாம்.

“ஓடாத வண்டிக்கு லைசென்ஸா? நாளைக்கு ஒடஞ்ச ஒரலுக்கும் கேப்பானுவ!” என்று அப்பா குதித்தார்.

அப்பாவுக்குத் தொழிலே நில ஆதாரப் பத்திரங்கள் எழுதுவது. அவர் எழுதிய காகிதத்தில் வக்கீலால் கூட ஓட்டை கண்டுபிடிக்க முடியாது என்று ஊரில் பெயர். வண்டியின் பரிதாப நிலையை மூன்று பக்கத்துக்கு எழுதினார். படித்தபோது எனக்கே அந்த வண்டிமேல் இரக்கம் வந்தது. நகரசபை இன்ஸ்பெக்டர் வந்து குனிந்து பார்த்தார், அப்பாவோடு வெகுநேரம் பேசினார், ஆவணி முதல் தை வரை இந்த அரையாண்டு முழுவதும் வண்டி உபயோகமற்றது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்பாவுக்குக் கொம்பு முளைத்த மாதிரி ஆகிவிட்டது. அந்தக் காகிதத்தை அம்மாவுக்கும் எனக்கும் இரண்டுதரம் வாசித்துக் காட்டினார்.

சொன்ன நாளில் ஆசாரி அச்சோடு வந்தார். “மத்தியானத்துக்குள்ள மாட்டிப்போடலாம் பிள்ளைவாள்” என்று உளியை எடுத்தார்.

“தொடாதேயும் ஓய்! உபயோகமில்லைன்னு கைப்பட எழுதிக் குடுத்திருக்கேன். தை முடியாம வண்டி ஓடிச்சுன்னா நான் பொய் எழுதினதா ஆயிரும்லா” என்றார் அப்பா.

“அப்பம் நான் பள்ளிக்கூடத்துக்கு எப்பிடிப்பா போவேன்?”

“சட்டம் அப்பிடி இருக்கு மக்கா. நான் என்ன செய்யட்டு?”

வாடகை வண்டியில் போகிறேன் என்றேன். அம்மா ஒரே வார்த்தையில் வாயை அடைத்துவிட்டாள். “ஆரோட வண்டியிலயோ போறான்னு நாலு பேரு பேசதுக்கா? சும்மா இரிட்டி.”

ஆசாரி அச்சைத் தொழுவத்தில் சாத்திவிட்டுப் போனார். கார்த்திகை போயிற்று, மார்கழி வந்தது. நல்ல அச்சு அங்கே, நல்ல சக்கரம் இங்கே, கொழுத்த மாடு வைக்கோல் தின்றுகொண்டு நடுவே. மூன்றையும் சேர்த்தால் அரைமணியில் நான் வகுப்பில் இருப்பேன். ஆனால் சேர்க்கக் கூடாது! என் ஆத்திரம் எல்லாம் முகம் தெரியாத அந்த நகரசபை மேல்தான். கணக்குப் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு சேர்மனைச் சபிப்பேன். அப்பாவோ, இன்ஸ்பெக்டர் எப்போது வேண்டுமானாலும் பார்க்க வருவார் என்று வண்டிக்கடியில் பெருக்கக் கூட விடவில்லை. சக்கரத்தில் சிலந்தி வலை கட்டியிருந்தது அவருக்குப் பெருமை. ஒருநாள் ஆத்திரம் தாங்காமல் விளக்குமாற்றை எடுத்து வலை, சருகு, கோழி எச்சம் எல்லாவற்றையும் பெருக்கித் தள்ளினேன். “சாட்சிய அழிச்சிட்டியே பாவிமட்ட!” என்று அப்பா கத்தினார்.

மார்கழிக் கடைசியில் பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. நான் வந்த நாட்கள் போதாது, பங்குனிப் பரீட்சைக்கு அனுப்ப முடியாது, பெயரை எடுத்துவிட்டோம் என்று எழுதியிருந்தார்கள். அன்று முழுக்க நான் பாயை விட்டு எழவில்லை. அம்மா சோறு போட்டு வைத்துவிட்டுப் போனாள், அதையும் தொடவில்லை.

தை பிறந்து நாலைந்து நாள் இருக்கும். இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்க்க வந்தார். அப்பா பதிவுக் கச்சேரிக்குப் போயிருந்தார், அம்மா ஆற்றில் குளித்துக்கொண்டிருந்தாள். அந்நிய ஆணோடு நான் பேசக் கூடாதுதான். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, இவ்வளவு நாளாக நெஞ்சில் அடைத்துக் கிடந்ததைக் கேட்டேன். அச்சு செய்து கிடக்கிற வண்டியை மாட்டி ஓட்ட விடாமல் ஒரு பெண்ணின் படிப்பைக் கெடுப்பது என்ன சட்டம் என்று கேட்டேன்.

அவர் திகைத்துப்போனார். “ஓட்டக் கூடாதுன்னு யாரம்மா சொன்னது? ரிப்பேர் ஆயாச்சுன்னு ஆபீஸ்ல ஒரு வரி எழுதிக் குடுத்தா அன்னைக்கே நம்பர் தகடு தருவோமே. முதல் நாளே உங்க அப்பாகிட்ட விளக்கமா சொன்னேனே.”

அவர் போன பிறகும் நான் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

சாயங்காலம் அப்பா வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டேன். “ஒரு வரி எழுதினாப் போதும்னு ஒங்களுக்குத் தெரியுமாப்பா?”

மூன்று பக்கம் எழுதத் தெரிந்த மனிதர் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டு நின்றார். சொந்தக்காரர்கள் பேசின பேச்சை அவரால் தாங்க முடியவில்லை என்பது அந்த முகத்தில் எனக்கு அன்றுதான் தெரிந்தது. மாசியில் பெண் பார்க்க வருகிறார்கள் என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அப்புறம், “தை முடியதுக்குள்ள நீ பள்ளிக்கூடத்த மறந்திருவேன்னு நெனச்சேன் மக்கா” என்றார். அவரைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல்தான், பிறகும் கேட்டவர்களிடம் வண்டிச் சட்டத்தையே சொல்லிவந்தேன்.

போகாதே என்று ஐப்பசியிலேயே என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். அழுதிருப்பேன், பட்டினி கிடந்திருப்பேன், அவரோடு மல்லுக்கு நின்றிருப்பேன். என்னிடம் அவருக்கு இரக்கம் உண்டு, ஒருவேளை நான் ஜெயித்தும் இருப்பேன். மூன்று மாதம் நான் நகரசபையோடு அல்லவா சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.