உபயப் படம்

லூர்தம்மாளைப் பற்றிச் சொல்வதென்றால் அவளுடைய பிடிவாதத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். வேறு எங்கிருந்து தொடங்கினாலும் சுற்றி வளைத்துக்கொண்டு பேச்சு அங்கேதான் வந்து நிற்கும்.

படப்பையில் எங்கள் மாதா கோயில் தெருவில், எண்பத்தேழாம் வருஷம், முதன்முதலாக வீட்டுக்கு வீடு ஒயர் இழுத்து வீடியோ படம் காட்டியவள் அவள். மஸ்கட்டில் இருந்த தம்பி லீவில் வந்தபோது வீடியோ கேசட் போடுகிற டெக் ஒன்று கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். கல்யாண வீட்டுக்கு வாடகைக்கு விடு என்றான். வாடகைக்குப் போன டெக் திரும்பி வரும்போது உள்ளே கேசரி ஒட்டிக்கொண்டு வந்தது. அதோடு வாடகை போதும் என்று முடிவு செய்தாள். "டெக்கு வூட்ட வுட்டுப் போவாது. படம் வேணா போவட்டும்" என்றாள்.

புருஷன் கிறிஸ்துதாஸ் மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்த்தான். பேச்சு குறைவு, மரம் ஏறுவதில் கெட்டிக்காரன். தென்னை, முருங்கை, மறுபடி தென்னை என்று ஒயர் தாவித் தாவி இருபத்தைந்து வீடுகளுக்குப் போனது. டி.வி. அவரவருடையது, படம் லூர்தம்மாளுடையது, மாதம் பிறந்தால் காசு. தாம்பரத்துக்குப் பஸ் ஏறிப் போய்க் கேசட் எடுத்து வருவதும் அவள்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அடுப்படியை விட்டு நகராதவளுக்கு முதல் தடவையாகக் கையில் சொந்தச் சம்பாத்தியம். பஸ்ஸில் கண்டக்டரிடம் சில்லறை கேட்டு அவள் சண்டை போடுகிற அழகைப் பார்த்தால் அது தெரியும்.

ஆனால் டெக் ஒன்று, ஒயர் ஒன்று. ஒரு படம் போட்டால் இருபத்தைந்து வீட்டிலும் அதே படம்தான் ஓடும். முதல் வாரமே தகராறு வந்துவிட்டது. இளவட்டங்களுக்குச் சண்டைப் படம் வேண்டும், பெண்களுக்கு அழுகைப் படம் வேண்டும், உரக்கடை தாண்டவராயனுக்குச் சாமி படம் வேண்டும். சண்டை தீர்க்க எங்கள் ஊரில் யாரும் புதிதாக எதையும் கண்டுபிடிப்பதில்லை. இருக்கிற வழியிலேயே இழுத்துப் போட்டுவிடுவோம். பெருமாள் கோயில் உற்சவத்தில் ஒவ்வொரு நாளும் ஒருவர் உபயம். மாதா கோயில் நவநாளிலும் அப்படித்தான், ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பம். அதையே லூர்தம்மாள் ஒயருக்கும் கொண்டுவந்தாள். ஒரு நாள் ஒரு வீட்டு உபயம். அன்றைக்கு அந்த வீடு சொல்கிற படம்தான் தெரு முழுக்க ஓடும். உபயக்காரரை யாரும் ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது. சாமிக்கு ஏன் மல்லிகை சாத்தினாய், ஏன் சாமந்தி சாத்தவில்லை என்று யாராவது கேட்கிறார்களா?

தெரு சமாதானமாகிவிட்டது. தன் நாள் வந்தால் அந்த வீட்டுக்காரர்கள் காலையிலிருந்தே ஒரு மிதப்பில் இருப்பார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

வினை கடைசி வீட்டுக் கிளியம்மாளால் வந்தது. கிளியம்மாள் விடிகாலை முதல் பஸ்ஸில் கீரைக்கட்டுகளை ஏற்றிக்கொண்டு தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போகிறவள். மகன் தவணையில் வாங்கி வைத்த சின்ன டி.வி. ஒன்று வீட்டில் இருந்தது. அவள் முறை வந்ததும் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் பெயரைச் சொன்னாள். வீண்பழி சுமத்தி மாமியார் வீட்டில் துரத்திவிட்ட ஒரு பெண்ணின் கதை. சரி, ஒரு தடவை பார்க்கலாம். அடுத்த மாதமும் அதே படம். அதற்கடுத்த மாதமும் அதே. தெருப் பிள்ளைகள் வசனத்தை முன்கூட்டியே ஒப்பிக்க ஆரம்பித்தார்கள். தாண்டவராயன் அன்றைக்கு மட்டும் ஏழு மணிக்கே விளக்கை அணைத்துப் படுத்துக்கொள்வார். ஆனாலும் யாரும் ஏன் என்று அவளைக் கேட்கவில்லை. உபயம் ஆயிற்றே.

எண்பத்தெட்டு பொங்கலன்று கிளியம்மாள் முறை வந்து தொலைத்தது. வீட்டுக்கு வீடு விருந்தாளி. எல்லோரும் புதுப்படம் பார்க்க உட்கார்ந்திருக்க, அந்தப் பெண் மறுபடி வீட்டைவிட்டு அழுதுகொண்டே வெளியே வந்தாள். அடுத்த நாள் காலை தாண்டவராயன் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு லூர்தம்மாள் வாசலில் வந்து நின்றார்.

"தோ பாரும்மா, பஸ் ஸ்டாண்டுல ரேடியோ கடை வச்சிருக்கிற பாண்டுரங்கனும் ஒயரு இழுக்கிறான். ரெண்டு டெக்கு. பட்டனைத் திருவினா இன்னொரு படம் வருதாம். மொத மாசம் காசே வாணாங்கிறான். நாங்க இன்னும் போவலை. அந்தக் கிளியம்மா முறையை எடுத்துடு, இருந்துக்கிறோம்."

"அவளும் காசு குடுக்கிறா" என்றாள் லூர்தம்மாள்.

"ஒரு வூட்டுக்காக இருபத்தினாலு வூட்ட உட்டுடுவியா?"

"ஒரு வூட்டு முறையை எடுத்துட்டா, அப்புறம் உன் முறைக்கு இன்னா காவலு?"

தாண்டவராயன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். பதில் வராதவர்கள் செய்வதைத்தான் அவரும் செய்தார். அந்த வாரமே பாண்டுரங்கனின் ஒயர் அவர் வீட்டுக்குள் போனது. பிறகு பக்கத்து வீடு. பிறகு எதிர் வீடு. மாதத்தில் ஒரு நாள் பழைய படம் என்பதெல்லாம் ஒரு சாக்கு. இரண்டு படம் கிடைக்கிற இடத்தில் ஒரு படம் காட்டுகிறவளிடம் யார் இருப்பார்கள்? எங்கள் வீட்டிலும் மாறினோம். அதற்காக நான் வெட்கப்படவில்லை. படம் பார்க்கக் காசு கொடுத்தவனிடம் விசுவாசமும் சேர்த்துக் கேட்பது நியாயமில்லை.

தவக்காலம் தொடங்குவதற்குள் லூர்தம்மாளிடம் ஐந்தாறு வீடுகள்தான் மிஞ்சின. கேசட் வாடகைக்கும் பஸ்ஸுக்கும் கொடுத்தது போக ஒன்றும் நிற்கவில்லை. கிறிஸ்துதாஸ் மரத்திலிருந்து வேண்டாத ஒயரை இறக்கிச் சுருட்டி வைத்தான். "டெக்க திருப்பி உன் தம்பிகிட்டயே குட்த்துடலாமா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டான். அவள் பார்த்த பார்வையில் மறுபடி கேட்கவில்லை. ஒயர் போனால் திரும்பவும் அடுப்படிதான் என்பது அவளுக்குத் தெரியும். அந்தப் பயத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் ராத்திரிச் சாப்பாடு அவளுக்கு இறங்கவில்லை என்று கிறிஸ்துதாஸே பிற்பாடு சொன்னான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கிளியம்மாள் வெறுங்கூடையோடு வந்து, தன் முறை நாளை நினைவுபடுத்தினாள். அதே படம்தான். லூர்தம்மாளுக்குப் பொறுக்கவில்லை. தானே போட்ட கட்டுப்பாட்டைத் தானே மீறினாள்.

"எக்கா, கேக்கக் கூடாது, இருந்தாலும் கேக்கிறேன். அந்தப் படத்துல அப்டி இன்னாதான் கீது?"

கிளியம்மாள் கூச்சத்தோடு முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "அதாம்மா எனக்கும் தெரியலை. அந்தப் பொண்ணு ஆத்தங்கரையில வந்து நிக்கிற வரிக்கும் பாக்குறேன். அதோட கண்ணு இழுத்துக்குது. விடிகாலம் எழுந்து போற ஒடம்பு. அப்புறம் அவ இன்னா ஆனான்னு இன்னிக்கி வரிக்கும் பாக்கலை."

"உன் மருமவகிட்ட கேட்டா சொல்லிட்டுப் போறா."

"சொல்லிட்டா பாத்த மாதிரி ஆவுமா?"

லூர்தம்மாளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. இருபது வீடு போனது இதற்காகவா? பிறகு சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வருஷமாகத் தெருவே பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததே தவிர, ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்துபோகிற விஷயம். அவ்வளவு மரியாதையான ஜனங்கள் நாங்கள்.

கேசட் அலமாரியில்தான் இருந்தது. அத்தனை தடவை வாடகைக்குக் கொடுத்துச் சலித்து, தாம்பரத்துக் கேசட் கடைக்காரரே அதை அவளிடம் கொடுத்துவிட்டிருந்தார். லூர்தம்மாள் அதை டெக்கில் போட்டு, பாதிவரை ஓட்டி, ஆற்றங்கரையில் நிறுத்தினாள். பட்டப்பகலில், சன்னலைச் சாத்திக்கொண்டு இரண்டு பெண்களும் மீதியைப் பார்த்தார்கள். கிளியம்மாள் கண்ணைக்கூட இமைக்கவில்லை. அந்தப் பெண் நாலு வீட்டில் பத்துப் பாத்திரம் தேய்த்து, பிள்ளையை வளர்த்து ஆளாக்கினாள். கடைசியில் புருஷன் வந்து அழைத்தான். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே போய்விட்டாள்.

"பூட்டாளா?" என்றாள் கிளியம்மாள்.

"பூட்டா."

"கூப்ட்ட ஒடனே பூட்டாளே. நானா இருந்தா போயிருக்க மாட்டேன்." கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். "இதுக்கா இத்தினி நாளு முழிச்சிருக்கணும்னு பாத்தேன்."

நாலு நாள் கழித்து அவள் மறுபடி வந்தாள். நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றாள். பேரப்பிள்ளைகள் நச்சரிக்கிறார்கள், பாண்டுரங்கன் ஒயரில் இரண்டு படம் வருகிறதாம், மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டாள். யாருக்காக இருபது வீட்டை விட்டாளோ, அவளே வந்து கேட்டது லூர்தம்மாளுக்கு நெஞ்சில் குத்தியது. ஆனால் மற்றவர்கள் யாரும் கேட்டுக்கொண்டு மாறவில்லை. இவள் ஒருத்திதான் வந்து கேட்டாள்.

"போட்டுக்க எக்கா. உன் காசு, உன் இஷ்டம்" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய் அழுதாள்.

அந்த மாதத்தோடு ஒயர் நின்றது. மீதி வீடுகளுக்கும் அவளே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். ஈஸ்டர் கழிந்ததும் பாண்டுரங்கன் தானே ஒயர் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தான். கெட்டவன் இல்லை, வியாபாரி.

"எக்கா, உங்க வூட்டுக்கும் இழுத்துடறேன். உங்களுக்குக் காசு வாணாம்."

"ஓசியில பாத்தா வாய் தொறந்து கேக்க முடியாது. காசு குடுக்கிறேன். என் முறை என்னிக்கு?"

"முறையா? அதெல்லாம் நம்மகிட்ட கெடையாதுக்கா. நானே நல்ல படமாப் பாத்துப் போடறேன்."

"ரெண்டு டெக்கு வச்சிக்கினு, ரெண்டுலயும் உன் இஷ்டம்தானா?"

கடைசி வீட்டு வேலியிலிருந்து கிளியம்மாளின் குரல் வந்தது. "எனக்கும் முறை வேணும். இப்ப வேற படம் சொல்லுவேன்." தண்ணீர்க் குழாயில் நின்ற பெண்கள் குடத்தை வைத்துவிட்டு வந்தார்கள். தாண்டவராயன்கூடக் கடையிலிருந்து எழுந்து வந்தார். சாமி படம் பார்த்து மூன்று மாதமாகிறது என்றார். பாண்டுரங்கன் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தான். மனதுக்குள் கணக்குப் போடுகிறவன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"சரி, ரெண்டாவது டெக்கு உங்க தெருவோட உபயம். வச்சிக்குங்க" என்றான். பிறகு லூர்தம்மாள் பக்கம் திரும்பினான். "மொத நாளு உங்களுதுதான். சொல்லுங்கக்கா, இன்னா படம்?"

லூர்தம்மாள் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை.

அவள் ஒயரில் இருபத்தைந்து வீட்டுக்கும் முறை இருந்தது. டெக் இருந்த அவள் வீட்டுக்கு மட்டும் ஒரு நாள்கூட இருந்ததில்லை. அதை அவளே அந்த நிமிஷத்தில்தான் கவனித்தாள் போலிருக்கிறது. அவ்வளவு வாய்த்துடுக்கு உள்ளவள், தெருவே பதிலுக்காக நின்றுகொண்டிருக்க, தலைகுனிந்து கிறிஸ்துதாஸைப் பார்த்தாள். அவனுக்கும் தெரியவில்லை.

"நாளிக்கி வந்து சொல்றேன்" என்றாள். "யோசிக்கணும்."