மகளின் முட்டைக் கணக்குக் கேட்ட சம்மந்தி

யூலை 19, சனிக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்து, முற்றம் கூட்டி, தேத்தண்ணி குடித்து, பாரை மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். ஒன்பதரைக்கு, மகளுக்குப் பேசிய மாப்பிள்ளையின் தாய் வந்தார்.

மகளுக்கு முப்பத்துமூன்று வயது. வேதக்கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்கும் கலியாண அறிவித்தலின் முதலாம் ஓலை வாசித்த மறுநாள், இந்தச் சம்மந்தி கேட்டபடி அவளுக்கு இரத்தம் சோதித்தோம். கருமுட்டை இருப்பு குறைவு என்றிருந்தது. வைத்தியரிடம் காட்டாமல் அந்தத் தாளை இவரிடம் கொடுத்தது என் பிழை. இரண்டு நாளில் இவர் சொல்லித் தாழ்வுபாடு ஊர் முழுக்க என் பிள்ளைக்கு மலடி என்று பெயர்.

மன்னாரில் வைத்தியர் பிறகுதான் விளக்கினார். "முட்டை ஏறக்குறைய எவ்வளவு மிச்சம் எண்டுதான் இது காட்டும். இயல்பாப் பிள்ளை தங்குமோ எண்டு இதை வைச்சுச் சொல்லேலாது. கருக்குழாயையோ ஆணின்ர விந்தையோ இது காட்டாது."

அதை அப்படியே சம்மந்தியிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

"அப்ப நாளைக்கு இரண்டாம் ஓலையை வாசிக்கட்டும்."

"ஓம். முதல்ல உங்கட மகன்ர சோதனைத் தாளைக் கொண்டுவாங்கோ. நானும் ஊருக்குக் காட்டவேணும்."

"ஆம்பிளைப் பிள்ளைக்கு என்ன சோதனை!"

அறையிலிருந்து மகள் வந்தாள். "மாமி, எனக்கு இந்தக் கலியாணம் வேண்டாம். அதையும் நீங்களே எல்லாருக்கும் சொல்லுங்கோ."

இப்போது எந்தச் சோதனைத் தாளும் வைத்தியர் விளக்கும்வரை என் அலுமாரியை விட்டு வெளியே போவதில்லை.

ஞாயிறு காலை முதல் வேலையாக, கலியாணம் வேண்டாம் என்று மகள் எழுதிய கடிதத்தைப் பங்குச் சுவாமியிடம் கொடுத்தேன். ஓலையை நிறுத்தியது பெண் வீட்டார் என்று பூசையில் சத்தமாக வாசிக்கும்படி கேட்டேன். வாசித்தார்.