கிறகரி விட்டுப்போன வாளி

கிறகரியை அடக்கம் செய்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது, அவன் ஊற்றிவைத்த பியர் சுவர் அலுமாரிக்குள் இன்னும் குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

கிறகரிக்குச் சொந்த ஊர் மன்னார். மொன்றியல் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பண்டசாலையில் பெட்டி இறக்கும் வேலை. மனைவி செலீன், பள்ளிக்கூடம் போகும் மகள் மெலனி, வில்லரே பகுதியில் இரண்டாம் மாடியில் ஒரு வாடகை வீடு. அவன் குடிகாரன் இல்லை. ஆனால் வேலையிடத்தில் ஒருவன் தன் கையால் செய்த பியரைக் கொண்டுவந்து கொடுத்த நாளிலிருந்து, தானும் செய்து பார்க்க வேண்டும் என்று நின்றான். 2005 பெப்ரவரியில் ஒரு வெள்ளை வாளியையும் ஒரு தகர டின்னையும் வாங்கிவந்தான்.

ஞாயிறு பூசை முடிந்து வந்த கையோடு தொடங்கினான். டின்னுக்குள் இருந்தது மோல்ட் சாறு, முளைத்த பார்லியை அவித்து வற்றக் காய்ச்சிய கறுத்தப் பாகு. அதைச் சுடுதண்ணீரில் கரைத்தபோது குசினி முழுக்க வாசம் எழும்பியது.

"பாண் சுடுற போறணைக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு, என்ன?" என்றான்.

"எனக்கு ஏதோ அடிப்பிடிச்ச மாதிரி இருக்கு," என்றாள் செலீன்.

சீனியும் பச்சைத் தண்ணீரும் சேர்த்து, சூடு ஆறியதும் ஈஸ்டைத் தூவி மூடினான். மூடியில் ஒரு துளை. அதில் பாதி தண்ணீர் நிரப்பிய சின்னப் பிளாஸ்டிக் குழாய். உள்ளிருக்கும் காற்று அந்தத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். ஹீட்டருக்குப் பக்கத்து அலுமாரியில், தொங்கிய உடுப்புகளுக்குக் கீழே வாளியை வைத்தான். அடுத்த நாள் காலை முதல் குமிழி வந்ததும் இருவரையும் கூப்பிட்டுக் காட்டினான்.

"கேக்குதோ? உயிர் வந்திட்டுது."

அந்தக் கிழமையே பெரிய பனி கொட்டியது. காரைத் தோண்டி எடுக்கப் போனவன் பனி அள்ளும் சவளைப் பிடித்தபடியே தெருவில் விழுந்தான். நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை.

அடக்கம் வரை வீடு நிறையச் சனம். சனம் போனபிறகுதான் சத்தம் தெரிந்தது. புளுக். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு புளுக். செலீன் தையல் ஃபக்டரி வேலைக்குப் போகாமல் நின்றாள். மெலனி பள்ளிக்கூடம் போனால் வீட்டில் அவளும் அந்தச் சத்தமும்தான். ஒருநாள் மத்தியானம் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவள், "என்னப்பா?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டாள். கேட்டபிறகு கத்தியை வைத்துவிட்டு வெகுநேரம் கதிரையில் இருந்தாள்.

"இதை ஊத்தப்போறன்," என்றாள் அன்று மாலை.

மெலனி அலுமாரிக் கதவில் முதுகைக் கொடுத்து நின்றாள். "தொடாதேங்கோ அம்மா. அது அப்பா செய்தது."

கிறகரி வாளி வாங்கிய கடையைத் தேடிச் செலீன் போனாள். கடைக்காரக் கிழவனுக்குத் தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் விஷயத்தைச் சொன்னாள். அவன் தொப்பியைக் கழற்றிவிட்டு மெதுவாகச் சொன்னான்: அது தானாக அடங்க வேண்டும், மதாம். குமிழி நின்று சில நாள் போனபிறகுதான் போத்தலில் அடைக்கலாம். அவசரப்பட்டால் போத்தல் வெடிக்கும்.

அவளால் பொறுக்க முடியவில்லை. குமிழிகளுக்கு நடுவே இடைவெளி கூடக் கூட அவளுக்கு இன்னும் மோசமாகியது. அடுத்தது வரும்வரை தன் மூச்சையே அடக்கிக்கொண்டு நிற்பாள். இனி வராது என்று நினைக்கும்போது வரும். ஒரு காலை, மெலனி இல்லாத நேரம், குழாய் போட்டு எல்லாவற்றையும் போத்தல்களில் இறக்கினாள். டின்னோடு வந்த தாளில் இருந்தபடி ஒவ்வொன்றுக்கும் ஒரு கரண்டி சீனி போட்டு மூடி அடித்து, அதே அலுமாரியில் அடுக்கினாள். மெலனி வந்து பார்த்தாள். ஒரு போத்தலின் கழுத்தைத் தடவிவிட்டுப் போனாள்.

வீடு அமைதியாகியது.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து எல்லோரும் சாப்பிட வந்திருந்தார்கள். கிறகரியோடு வேலை செய்த நகுலேஸ்வரனும் வந்திருந்தான். கண்ணை மூடிச் செபம் சொல்லிக்கொண்டிருந்தபோது உள்ளே ஏதோ வெடித்தது.

பெரியவர்கள் நிலத்தில் கிடந்தார்கள். யாரும் யோசித்து விழவில்லை. இங்கே பிறந்த பிள்ளைகள் மட்டும் தட்டுகளோடு தாய் தகப்பனைப் பார்த்துக்கொண்டு நின்றன. இரண்டாவது வெடித்தது. பிறகு மூன்றாவது.

"அக்கா, படுங்கோ!" என்று மேசைக்குக் கீழிருந்து கத்தினான் நகுலேஸ்வரன்.

செலீன் படுக்கவில்லை. அலுமாரிக் கதவடியால் நுரை ஊர்ந்து வந்துகொண்டிருந்தது.

"ஒண்டுமில்லை," என்றாள். "கிறகரின்ர பியர்."

யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் தலைக்குமேல் கோத்த கையை எடுக்க வெகுநேரம் பிடித்தது. மனைவி அவர் பக்கத்தில் குந்தி, "மொன்றியலப்பா, மொன்றியல்," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

நகுலேஸ்வரன் பனிக்கோட்டைப் போட்டு, முகத்துக்கு முன்னால் சட்டி மூடியைப் பிடித்தபடி, தப்பிய போத்தல்களைக் குளிருக்குள் பல்கனிக்குக் கொண்டுபோனான். குளிர்ந்தபிறகு ஒன்றைத் திறந்தான். முக்கால்வாசி நுரையாகப் போய்விட்டது. மிச்சத்தைப் பெரியவர்கள் ஆளுக்கொரு வாய் வாங்கிக்கொண்டார்கள். வாழ்நாளில் குடித்திராத செலீனும் வாங்கினாள்.

"இனிக்குது," என்றாள்.

"சீனி இன்னும் புளிச்சு முடியேல்லை அக்கா. கொஞ்சம் விட்டிருக்கோணும்."

அவள் தலையாட்டினாள். அன்றைக்குத்தான் எல்லோருக்கும் முன்னால் அழுதாள்.

கோடையில் அவளே போய் இன்னொரு டின் வாங்கிவந்தாள். கிறகரி செய்தபடியே எல்லாம் செய்து, அதே இடத்தில் வைத்தாள். குமிழி வந்தது. ஒரு கதிரையை இழுத்துப்போட்டு அலுமாரிக்கு முன்னால் இருந்து கேட்டாள். பல நாள் கேட்டாள். காற்று தண்ணீரைத் தள்ளும் சத்தம், அவ்வளவுதான். அதில் ஒருவரும் இல்லை. அது நின்றது. பிறகும் ஒரு கிழமை விட்டே அடைத்தாள். ஒன்றும் வெடிக்கவில்லை.

நகுலேஸ்வரன் குடித்துவிட்டு, "கடைச் சாமான் மாதிரி வந்திருக்கு அக்கா," என்றான்.

"ஓம்," என்றாள் செலீன். "இது என்ர. அவர் செய்ததில்லை." தன் கிளாஸை அவள் தொடவில்லை. வாளியைக் கழுவித் துடைத்து, வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லி அவனிடம் கொடுத்துவிட்டாள்.