ஆறுச்சாமியின் புங்கெண்ணெய்க் கார்

மங்கலம் ஆறுச்சாமிக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது. சாப்பிட உட்கார்ந்தால் பாதிச் சோற்றில் எழுந்துபோய் எதையாவது கழற்றிக்கொண்டிருப்பார். விசைத்தறியில் நான்கு வருஷம், லேத்துப் பட்டறையில் மூன்று வருஷம், மோட்டாருக்குக் கம்பிக் காயில் கட்டுகிற கடையில் இரண்டு வருஷம். எங்கேயும் யாரும் அவரைப் போகச் சொன்னதில்லை. வேலை கைக்கு வந்துவிட்டால் அவருக்கே சலித்துவிடும், அவ்வளவுதான். எண்பத்தாறில் பழைய டீசல் அம்பாசடர் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டத் தொடங்கியபோது, இனியாவது வீட்டுச் சாமான்கள் தப்பிக்கும் என்று மனைவி நஞ்சம்மாள் நிம்மதியாக மூச்சு விட்டாள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. நாள் முழுக்கப் பிழை பார்க்கிறவள், புருஷன் விஷயத்தில் மட்டும் ஏமாந்துபோனாள்.

தொண்ணூறாம் வருஷம் எங்கோ வளைகுடாவில் சண்டை என்றார்கள். இங்கே பங்கில் டீசல் இல்லை என்று பலகை மாட்டினார்கள். கேனைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பதென்றால் ஆறுச்சாமிக்கு உயிர் போகும். இரண்டு நாள் நின்றார். மூன்றாம் நாள் வரிசையை விட்டுவிட்டு நேராக எண்ணெய்ச் செக்குக்குப் போய், ஒரு டின் புங்கெண்ணெயோடு வீடு வந்தார். விளக்கில் எரிகிறது என்ஜினுக்குள் எரியாதா என்ன?

உடனே எரிந்துவிடவில்லை. குழகுழவென்றிருந்த எண்ணெய் குழாயில் ஏறவே மாட்டேன் என்றது. ஆனால் மனுஷன் விடுகிற ஆளா! ரேடியேட்டரின் சுடுதண்ணீர் போகிற ஹோஸில் செம்புக் குழாயைச் சுற்றி, அதற்குள் எண்ணெயைச் சூடாக்கி இளக்கினார். ஸ்டார்ட் பண்ண மட்டும் டீசல் வேண்டும். அதற்கு இரண்டு லிட்டர் பிடிக்கிற சின்ன டாங்க் ஒன்றைத் தனியாக வைத்தார். முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு திருகு. இந்தப் பக்கம் திருப்பினால் டீசல், அந்தப் பக்கம் திருப்பினால் புங்கெண்ணெய். ஐப்பசி பிறப்பதற்குள் அம்பாசடர் புங்கெண்ணெயில் கோயமுத்தூர் போய்த் திரும்பியது. பின்னால் வந்த சைக்கிள்காரர்கள்தான் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

தீபாவளிக்குச் சேவூரில் தங்கை மயிலாள் வீட்டுக்கு அந்தக் காரிலேயே போனார். தங்கை புருஷன் மாரப்பன் வாசலுக்கு வந்து மோந்து பார்த்தார்.

"ஏனுங்க மச்சான், இது சொறி சிரங்குக்குத் தடவற எண்ணெயில்லீங்களா? காருக்குச் சொறி புடிச்சிருச்சுங்களா?"

வாசலில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். சின்னப் பிள்ளைகள்கூடச் சிரித்தன. ஆறுச்சாமியும் சிரித்துத்தான் வைத்தார். ஆனால் அது நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. இந்த மாரப்பன் வாயாலேயே "ஓடுது" என்று சொல்ல வைக்காவிட்டால் நான் ஆறுச்சாமி இல்லை என்று, திரும்பி வருகிற வழியெல்லாம் ஸ்டியரிங்கிடம் சொல்லிக்கொண்டே வந்தார்.

தை மாதம் மயிலாள் தன் மகளுக்குக் காதுகுத்து வைத்தாள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். கூடப் பிறந்தவர் இவர் ஒருவர்தான். வெற்றிலை பாக்கோடு அவளே நேரில் வந்து அழைத்தாள்.

"காலையில எட்டரைக்குள்ளார கோயில்ல புள்ளைய உங்க மடியில உக்கார வெக்கோணும்ங்கண்ணா. எங்க புதுமனைக்கும் லேட்டாத்தான் வந்தீங்க. அது போச்சாது, பரவால்லீங்க. இதுக்கு நீங்க இல்லீன்னா நான் ஆரைங்கண்ணா கூப்புடுவேன்?"

"ஏழரைக்கே வந்து நிப்பேன் அம்மிணி. போய் ஆகற வேலையப் பாரு" என்றார் ஆறுச்சாமி.

அன்றைக்கு ஓட்டம் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று பட்டது அவருக்கு. எப்போதும் பழைய வேட்டியில்தான் எண்ணெயை வடிகட்டுவார். இந்தத் தடவை அது போதாது என்று தோன்றிவிட்டது. திருப்பூர்ப் பக்கத்தில் பனியன் வேஸ்ட்டுக்கு, அதாவது வெட்டிக் கழித்த துணிக்கு, ஆகாத வேலை உண்டா? மெஷின் துடைக்க, கை துடைக்க, கண்ணாடி துடைக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். நஞ்சம்மாளிடம் சொல்லி, புத்தம்புது வெள்ளைக் கட்டிங் வேஸ்ட் ஒரு பை வாங்கி வரச் செய்தார். நான்கு மடிப்பாகப் போட்டு வடிகட்டினார். எண்ணெய் தேன் போல இறங்கியது. பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனார்.

முதல் நாள் சாயங்காலமே நஞ்சம்மாள் சீர்த் தட்டுகளோடு கிளம்பினாள். "நீங்களும் பஸ்ஸுலயே வந்துருங்களே" என்றாள்.

"கார்லதான் வருவேன். மாரப்பன் பாக்கோணும்."

அவள் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். பேசித்தான் என்ன ஆகப்போகிறது!

விடிந்ததும் புது வேட்டி சட்டையில் கிளம்பினார். ஊர் எல்லையில் திருகைப் புங்கெண்ணெய்ப் பக்கம் திருப்பினார். அவிநாசியைத் தாண்டும்போது மணி ஏழு. சேவூர்ச் சாலையில் ஏறிக் கொஞ்ச தூரம் போயிருப்பார். என்ஜின் இருமியது, இழுத்தது, நின்றுவிட்டது. சேவூருக்கு இன்னும் நாலு கிலோமீட்டர்.

பில்டரைக் கழற்றினார். உள்ளே கஞ்சியாக ஈரப் பஞ்சு! அவருக்கு அப்போதுதான் உறைத்தது. பனியன் துணியை வெட்டினால் வெட்டிய ஓரமெல்லாம் பஞ்சு உதிரும். கம்பெனியிலிருந்து வரும் நஞ்சம்மாளின் தலையிலும் மூக்கிலும் தினமும் பார்க்கிற பஞ்சுதான். "அட மடையா" என்று தன் தலையில் தானே அடித்துக்கொண்டார். பில்டரை அலசி மாட்டி, குழாயில் ஏறியிருந்த காற்றைப் பம்ப் அடித்து வெளியேற்றி ஸ்டார்ட் பண்ணினார். வண்டி இரண்டு பர்லாங் ஓடி மறுபடி நின்றது. டாங்க் முழுக்கப் பஞ்சு இருக்கும்போது பில்டரை மட்டும் அலசி என்ன பிரயோஜனம்?

அப்போது சேவூர் பஸ் வந்தது. கண்டக்டர் செங்கோட்டையன் தெரிந்த ஆள்தான். பஸ்ஸை நிறுத்திப் படியில் தொங்கிக்கொண்டு கூப்பிட்டான்.

"அண்ணா, காதுகுத்துக்குத்தானுங்களே? ஏறுங்க, பத்து நிமிஷத்துல உட்டர்றேன்."

"அஞ்சே நிமிஷம், சரியாப் போயிரும். நீ போ கண்ணு."

"மணி ஏழே முக்கால் ஆச்சுங்கண்ணா!"

"போன்னா போ!"

ஏறியிருக்கலாம் ஐயா! அதுகூட வேண்டாம். பில்டரை இன்னொரு தடவை அலசிவிட்டுத் திருகை டீசல் பக்கம் திருப்பியிருந்தால் போதும். சின்ன டாங்கில் இருந்த டீசலுக்கு சேவூர் போய்த் திரும்பியே வந்திருக்கலாம். அது அவருக்குத் தெரியாதா? கை திருகு வரைக்கும் போனது. மாரப்பனின் சிரிப்பு காதில் விழுந்தது. கையை எடுத்துவிட்டார். அந்த வீம்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

டாங்கை அடியோடு டிக்கியில் இருந்த கேன்களில் இறக்கினார். வடிகட்டத் துணி வேண்டுமே? கட்டியிருந்த புது வேட்டியை அவிழ்த்து இரண்டாகக் கிழித்தார். ஒரு பாதி இடுப்புக்கு, ஒரு பாதி எண்ணெய்க்கு. புங்கெண்ணெய் வேட்டித் துணியில் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கியது. எட்டேகால் ஆயிற்று. எட்டரை ஆயிற்று. துணியைப் பிழிந்தார், உதறினார், சாலையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தார், மறுபடி வந்து பிழிந்தார். ஒன்பது மணிக்கு ஸ்டார்ட்டுக்கு மட்டும் டீசல் கொடுத்தார், என்ஜின் எழுந்தது, உடனே திருகைப் புங்கெண்ணெய்ப் பக்கம் திருப்பினார். இந்தத் தடவை நிற்கவே இல்லை. ஒரு இருமல், ஒரு திணறல் கிடையாது. இத்தனை மாதத்தில் அவ்வளவு சுத்தமாக அது ஓடியதே இல்லை.

கோயில் வாசலில் கார் நின்றதும் ஆட்கள் கூடிவிட்டார்கள். மாரப்பன் வந்து பானெட்டைத் தூக்கிப் பார்த்தார், பின்னால் போய்ப் புகையை மோந்தார், செம்புக் குழாயைத் தொட்டுக் கையைச் சுட்டுக்கொண்டார்.

"நெசமாலுமே புங்கெண்ணெயில ஓடுதுங்க மச்சான்! நானும் என்னமோன்னு நெனச்சனுங்க. எங்க தோட்டத்து டீசல் இஞ்சினுக்கும் இப்பிடி ஒண்ணு பண்ணித் தாங்களேன்!"

கேலி இல்லை, மனசாரச் சொன்னார். ஆறுச்சாமி கூட்டத்துக்கு மேலாகப் பந்தலுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே சித்தப்பா மகன் சாமியப்பன் மடியில் குழந்தை உட்கார்ந்திருந்தது. மொட்டைத் தலையில் சந்தனம். இரண்டு காதிலும் புதுத் தோடு. அழுது அழுது கண் வீங்கியிருந்தது. குத்திய ஆசாரி சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார்.

மயிலாள் வந்தாள். கிழிந்த வேட்டியையும் எண்ணெய்க் கையையும் பார்த்தாள்.

"வழியில எங்கியாச்சும் அடிபட்டுக் கெடக்கறீங்களோன்னு உசுரக் கையில புடிச்சுட்டு இருந்தனுங்கண்ணா" என்றாள். "ஆசாரிகிட்டக் கெஞ்சி நிறுத்தி வெச்சிருந்தேன். எட்டரை தாண்டித்தான் டூட்டி மாறி செங்கோட்டையன் வந்து சொன்னான், வண்டி நின்னுபோச்சு, ஏறச் சொன்னேன், மாட்டீன்னுட்டாருன்னு. அதுக்குப் பொறவுதான் சாமியப்பண்ணன உக்காரச் சொன்னேன்."

ஆறுச்சாமிக்கு விஷயம் புரிந்தது. நேரமாகிவிட்டது என்பதால் இல்லை, இவர் வர மாட்டேன் என்றார் என்பதால் அவள் வேறு மடி தேடியிருக்கிறாள். பந்தலுக்குள் போய்க் குழந்தைக்கு முன்னால் குனிந்து, "மாமங்கிட்ட வா கண்ணு" என்று கையை நீட்டினார். புங்கெண்ணெய் நாற்றம் குப்பென்று அடித்திருக்க வேண்டும். குழந்தை முகத்தைச் சுளித்துக்கொண்டு சாமியப்பன் தோளில் சாய்ந்துகொண்டது.

"போய்க் கை கழுவிட்டு வாங்கண்ணா, பந்தி போடறாங்க" என்றாள் மயிலாள்.