வெந்த சோறு

சுங்கேசரியைப் போல ஓர் ஏமாளியை எங்கள் கோர்க்கா மலையில் நான் பார்த்ததில்லை. என் ஓர்ப்படி, அதனால் சொல்லலாம். நாங்கள் கொல்லர்கள். ஊரார் கதிர் அறுக்கும் அரிவாள் எங்கள் உலையில் அடித்தது. ஆனால் எங்கள் கை பட்ட தண்ணீர் அவர்கள் தொண்டையில் இறங்காது.

நிலம் குலுங்கியபோது அவள் புருஷன் வீட்டுச் சுவருக்கடியில் போய்ச் சேர்ந்தான். பள்ளிக்கூடமும் விழுந்தது. சனிக்கிழமை லீவு, அதனால் பிள்ளைகள் தப்பின. அவளுக்கு மிஞ்சியது மகள் சிர்ஜனா மட்டும்தான். பிழைக்க வழி கிடைக்காவிட்டால் அவளைக் காத்மாண்டுவுக்கு வீட்டு வேலைக்கு அனுப்ப வேண்டும். தரகுக்காரி ஒருத்தி ஏற்கெனவே வந்து, மாட்டைப் பார்ப்பதுபோல் பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போயிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் ஹெட்மாஸ்டர் தீர்த்தராஜ் வந்தார்.

"ஸ்கூல் கட்ட வெளிநாட்டுப் பசங்க வர்றாங்க. நீயும் கூலி பாக்காம கை குடு. கட்டி முடிச்சா மத்தியானச் சமையல் வேலை உனக்குத்தான்."

"நான் சமைச்சா சாப்பிடுவாங்களா சார்?"

"பூகம்பத்தோட அதெல்லாம் போயாச்சும்மா."

போனது போலத்தான் இருந்தது. எல்லாரும் ஒரே தார்ப்பாயின் கீழ் படுத்தோம். மேல்சாதி செத்ரி வீட்டு இந்திரகலா சுங்கேசரி கையால் அவல் வாங்கித் தின்றாள். அவலுக்குத் தீட்டில்லை, வெந்த சோற்றுக்குத்தான் என்பதை இந்தப் பைத்தியக்காரி மறந்துவிட்டாள். நெற்றியில் வார் மாட்டிக் கூடை கூடையாய்க் கல் சுமந்தாள். ஓடையிலிருந்து தண்ணீர் தூக்கினாள். சிமெண்ட் குழைக்கிற தண்ணீருக்குச் சாதி ஏது? வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் அவள்தான் சமையல்.

"பாத்தியா அக்கா, தட்ட வழிச்சுத் திங்கறாங்க. ஒருத்தரும் மூஞ்சி சுளிக்கல."

"அவங்களே இந்த ஊருக்குத் தீட்டுதான்டி. ரொம்பப் பெருமைப்படாத" என்றேன். சிரித்தாள்.

கட்டடம் முடிந்தது, வெளிநாட்டார் மாலை வாங்கிக்கொண்டு போனார்கள். பள்ளி திறந்த அன்று சுங்கேசரி குளித்து, சோறும் பருப்பும் ஆக்கிப் பரிமாறினாள். வரிசையாக உட்கார்ந்த பிள்ளைகளில் ஒன்றுகூடத் தட்டைத் தொடவில்லை. வாசலில் இந்திரகலா நின்றாள்.

"கல்லு சுமந்தே, சரி. சோத்துல கை வைக்கச் சொன்னது யாரு?"

"எங்கூட ஒரே போர்வையில படுத்தீங்களே அக்கா?"

"உசுருக்குப் பயந்து படுத்தேன். இப்பதான் வீட்டுக்குக் கூரை போட்டாச்சே."

ஹெட்மாஸ்டர் புதுச்சுவரில் வெடிப்பு தேடுகிறவர் போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். சுங்கேசரி மகளிடம் போய்க் குனிந்தாள்.

"நீயாவது சாப்பிடுடி கண்ணு."

சிர்ஜனா தட்டைத் தள்ளினாள். "நான் சாப்பிட்டா இவங்க என்னப் பக்கத்துல உக்கார விடமாட்டாங்க. நீ ஏம்மா இங்க வந்தே?"

அத்தனை சோறும் இந்திரகலாவின் எருமைக்குப் போனது. அதன் பாலை அவள் வீட்டில் காய்ச்சித்தான் குடித்தார்கள். எருமை வயிற்றுக்குள் போனால் தீட்டுக் கழிந்துவிடும் போலிருக்கிறது.

வேலை வேறொருத்திக்குப் போனது. தரகுக்காரி திரும்பி வந்தபோது சுங்கேசரி மகளின் துணிகளை மூட்டை கட்டினாள்.

"அங்க சாதி கேட்டா செத்ரின்னு சொல்லு, என்ன? இல்லாட்டி அடுப்படிக்குள்ள விடமாட்டாங்க" என்று தரகுக்காரி சொல்லிக்கொடுத்தாள்.

சிர்ஜனா கெட்டிக்காரி. பஸ் வரும்வரை அதையே முணுமுணுத்துப் பழகிக்கொண்டிருந்தாள். ஏறும்போது அம்மா நீட்டிய சோற்றுப் பொட்டலத்தை அவள் வாங்கிக்கொள்ளவில்லை.